தண்ணீரும் தர்மமும்: நம் முன்னோர் காத்த அமானிதம்

எல்லாப் புகழும் வானத்திலிருந்து நீரை இறக்கி, இறந்து கிடந்த பூமிக்கு உயிரூட்டும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பிற்கினிய ஜமாஅத்தார்களே! சுற்றுச்சூழல் பாதுகாப்பு, மழைநீர் சேகரிப்பு, மரம் வளர்ப்பு என்ற சொற்கள் இன்று நாற்புறமும் கேட்கின்றன. இவையெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்றும், மேல்நாட்டார் நேற்றுக் கண்டுபிடித்தவை என்றும், தீனுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்றும் எண்ணுவோர் நம்மிடையே உண்டு. வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போருக்கு இவ்வெண்ணம் நிலைக்காது. நீரையும் நிழலையும் ஊர் கூடிக் காப்பது, பள்ளிவாசலைக் கட்டுவதைப் போலவே நம் முன்னோரின் கூட்டுப் பணியாக இருந்து வந்துள்ளது. அவ்வரலாற்றின் சில ஏடுகளை ஈண்டு எடுத்துக்காட்டி, நம் மஹல்லாவின் முன்னுள்ள கடமையை நினைவூட்ட விழைகிறோம்.

மதீனாவின் காப்புநிலம்

அறியாமைக் காலத்து அரபுகளிடம் 'ஹிமா' என்றொரு வழக்கம் இருந்தது. செல்வாக்குமிக்க தலைவன் ஒருவன் மேய்ச்சல் நிலத்திற்குச் சென்று ஒரு மேட்டில் நாயைக் குரைக்கச் செய்வான். குரைப்பொலி எட்டும் தூரம் முழுவதும் அவனுக்கே உரிய மேய்ச்சல் நிலமாகிவிடும்; பிறர் கால்நடை அங்கே நுழையலாகாது. ஆனால் அவனுடைய மந்தையோ பிறர் நிலத்திலும் மேயும். வல்லவன் வகுத்ததே சட்டம் என்ற இந்நிலையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றினார்கள். அல்லாஹ்வுக்கும் அவனது தூதருக்குமன்றி வேறெவருக்கும் ஹிமா இல்லை என அறிவித்தார்கள். தனிமனிதனின் ஆதிக்கமாக இருந்தது இதனால் பொதுநலக் காப்புநிலமாயிற்று. மதீனாவின் அருகிலிருந்த நகீஉ என்னும் பள்ளத்தாக்கு முஸ்லிம்களின் போர்க்குதிரைகளுக்கென ஒதுக்கப்பட்டது.

மதீனா நகரைச் சுற்றிலும் 12 மைல் தூரத்தைக் காப்பு எல்லையாக அவர்கள் ஆக்கினார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் செய்தி. இரு கரும்பாறை வெளிகளுக்கிடையே உள்ள அப்புனிதப் பகுதியில் மரங்களை வெட்டுவதும் வேட்டையாடுவதும் தடுக்கப்பட்டன. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு நகரைச் சுற்றிப் பசுமை எல்லை வகுக்கப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஷரஃப், ரபதா ஆகிய இடங்களும் காப்புநிலங்களாயின. அவற்றின் பொறுப்பாளராக ஹுனய் என்பவரை நியமித்தபோது கலீஃபா அவர்கள் கூறிய அறிவுரை புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே அனுமதிக்க வேண்டும். பெருமந்தை உடைய அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), உஸ்மான் பின் அஃப்பான் (ரலி) ஆகியோரின் கால்நடைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று பணித்தார்கள். காரணத்தையும் விளக்கினார்கள். செல்வர்களின் கால்நடைகள் மாண்டால் அவர்களுக்குப் பேரீச்சந் தோப்பும் விளைநிலமும் இருக்கின்றன. ஏழையின் ஆடுகள் மாண்டாலோ அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உதவி கேட்டு வந்து நிற்பான் என்றார்கள். பொது வளத்தில் முதல் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமோ?

வாய்க்கால் நீரும் வழக்கும்

மதீனாவின் ஹர்ரா பகுதியில் ஓடிய வாய்க்கால் நீரைப் பற்றி ஹஜ்ரத் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் பிணக்கு எழுந்தது. ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேல்மடையில் இருந்தது. வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு வந்தபோது, உமது தோட்டத்திற்குப் பாய்ச்சிவிட்டு அண்டைவீட்டாருக்கு நீரை விட்டுவிடும் என்று இணக்கமான தீர்வை முதலில் கூறினார்கள். உம் அத்தை மகன் என்பதால் இப்படித் தீர்ப்பளிக்கிறீரோ என்று எதிர்வழக்காடியவர் சினந்து பேசவே, ஸுபைர் (ரலி) அவர்களின் முழு உரிமையையும் நிலைநாட்டி, வரப்பின் அளவு நீர் தேங்கும் வரை நிறுத்தும்படித் தீர்ப்பளித்தார்கள். அந்த அளவு கணுக்கால் மட்டம் எனப் பின்னர் கணிக்கப்பட்டது. மஹ்ஸூர் என்னும் ஓடையின் நீருக்கும் இதே விதி அமைந்தது: மேல்மடைக்காரர் கணுக்கால் அளவு தேக்கலாம்; அதன்பின் கீழ்மடைக்காரருக்குத் திறந்துவிட வேண்டும்.

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற நபிமொழி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் உள்ளது. நீர்நிலை அருகிலும், நடைபாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்திற்குரிய செயல் என்றும் எச்சரிக்கப்பட்டுள்ளோம். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து உளூச் செய்தாலும் விரயம் விரயமே என்ற கருத்தில் அமைந்த செய்தியும் இப்னு மாஜாவில் இடம்பெறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு நீரில் உளூச் செய்து முடித்தார்கள் என்பதை நாம் ஓதியிருக்கிறோம். பிறருக்கும் ஓதிக் கொடுக்கிறோம். ஆனால் நம் குழாயடியில் அதைக் காண முடிகிறதா?

ரூமா கிணறு

ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்களுக்கு மதீனாவில் நல்ல குடிநீர் அரிதாக இருந்தது. ரூமா என்னும் கிணற்றின் நீர் சுவையானது. ஆனால் அதன் உரிமையாளர் நீரை விலைக்கே விற்று வந்தார். அக்கிணற்றை வாங்கி முஸ்லிம்களுக்குப் பொதுவாக்குபவருக்குச் சுவர்க்கம் உண்டென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூற, ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து அதனை வாங்கி வக்ஃபு செய்தார்கள். ஏழை, செல்வர், வழிப்போக்கர் என்ற பேதமின்றி யாவரும் அதில் நீர் அருந்தினர். வாங்கியவரும் மற்றவர்களில் ஒருவராக நின்றே தம் வாளியை இறக்கினார்கள். அக்கிணறு உஸ்மான் (ரலி) அவர்களின் பெயராலேயே மதீனாவில் இன்றும் அறியப்படுகிறது.

ஹஜ்ரத் ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் தம் தாயார் மறைந்தபின், அன்னையின் பெயரால் எந்தத் தர்மம் சிறந்தது என்று வினவியபோது, தண்ணீர் என விடை கிடைத்தது. அவர்கள் ஒரு கிணற்றைத் தோண்டி அதனைத் தம் தாயாருக்கு உரியதாக அறிவித்தார்கள். நம் நாட்டில் பெற்றோர் பெயரால் கிணறு வெட்டியும், தண்ணீர்ப் பந்தல் வைத்தும், பள்ளிவாசலுக்கு நீர்த்தொட்டி கட்டியும் கொடுத்த நம் பாட்டன்மாரின் வழக்கத்திற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

மக்காவிற்கு நீர் கொண்டுவந்த அம்மையார்

அப்பாஸியக் கலீஃபா ஹாரூன் அல்ரஷீதின் மனைவி ஜுபைதா அம்மையார் (மறைவு கி.பி. 831) அவர்களின் பெயரை அறியாதார் இலர். அவர் காலத்தில் மக்காவில் ஒரு தோற்பை நீர் ஒரு பொற்காசுக்கு விற்கும் நிலை ஏற்பட்டதென வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் குறிப்பிடுகிறார். ஹாஜிகளின் தாகத்தைக் கண்டு உருகிய அம்மையார், நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து அரஃபாத் வழியாக மக்காவை நோக்கி, பாறைகளைக் குடைந்து கால்வாய் அமைக்கச் செய்தார். கூஃபாவிலிருந்து மக்கா வரையிலான ஹஜ் பாதை நெடுகிலும் கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் அமைந்தன. 'தர்பு ஜுபைதா' என்ற பெயரில் அப்பாதையின் சின்னங்கள் இன்றும் பாலையில் நிற்கின்றன.

ஈண்டு நாம் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்றுண்டு. கால்வாயை வெட்டியதோடு கதை முடிந்துவிடவில்லை. மணல் மூடும், வெள்ளம் உடைக்கும், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அதைச் செப்பனிட யாரேனும் ஒருவர் முன்வர வேண்டியிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானியச் சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா அம்மையார் தம் பொருளைச் செலவிட்டு அதனைப் புதுப்பிக்கச் செய்தார். ஒரு பெண்மணி தொடங்கியதை ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் வேறொரு பெண்மணி மீட்டெடுத்தார். இத்தகைய பணி ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் இதை மனத்திற் கொள்வாராக.

ஊர் கூடிக் காத்த கால்வாய்கள்

மன்னர்களும் செல்வர்களும் கட்டியவை ஒருபுறமிருக்க, சாதாரண மக்கள் கூடி நடத்திய நீர் நிர்வாகம் வேறொரு பெருமை. ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் இன்றும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் ஒரு தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. பாசனக் கால்வாய்களின் உழவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே நீதிபதிகள். வழக்குரைஞர் இல்லை; எழுத்து வழக்கும் இல்லை; வாய்மொழியாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்புக் கூறுகின்றனர். இது கூடும் இடம் அந்நகரின் பேராலய வாயில். முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்தில் அங்கேதான் பெரிய பள்ளிவாசல் இருந்தது. 1238இல் வலென்சியாவைக் கைப்பற்றிய அரகோன் மன்னர் ஜேம்ஸ், முஸ்லிம்கள் காலத்து நீர்ப்பங்கீட்டு வழக்கத்தையே தொடரச் செய்தார். ஆட்சி மாறியது, மார்க்கம் மாறியது, நீதியான பங்கீட்டை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. 2009இல் யுனெஸ்கோ இந்நீதிமன்றத்தை மானுடத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

ஓமன் நாட்டின் 'ஃபலஜ்' கால்வாய்களும் அத்தகையவையே. மலையடிவாரத்து நீரைச் சரிவாகக் கொண்டுவந்து, முதலில் குடிநீருக்கும், பின்பு பள்ளிவாசலுக்கும், அதன்பின் தோட்டங்களுக்கும் பிரிப்பர். பகலில் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து அவரவர் முறைநேரம் கணக்கிடப்பட்டது. இவற்றுள் ஐந்து 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. பணம் படைத்த தனியொருவரால் இவை இத்தனை காலம் வாழவில்லை. முறைவைத்துத் தூர்வாரிய ஊராரின் கைகளே இவற்றை வாழவைத்தன.

டெல்லி ஹவ்ளும் மதரஸாவும்

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட சான்றுகள் நிறைய உண்டு. சுல்தான் இல்துத்மிஷ் 1230ஆம் ஆண்டு வாக்கில் டெல்லி மெஹ்ரோலியில் 'ஹவ்ளே ஷம்ஸி' என்னும் நீர்த்தேக்கத்தை அமைத்தார். அலாவுத்தீன் கில்ஜி (ஆட்சி 1296-1316) மற்றொரு பெரிய ஹவ்ளை வெட்டுவித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அதன் நிலை என்னாயிற்று தெரியுமா? சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் (ஆட்சி 1351-1388) தம் குறிப்பில் அதனை விவரிக்கிறார். நீர்த்தேக்கம் மண்மூடி வறண்டு கிடந்தது. மக்கள் அதனுள்ளேயே பயிரிட்டனர். அங்கே கிணறு தோண்டி நீரை விலைக்கு விற்றனர். ஹவ்ளே ஷம்ஸிக்கு வரும் நீர்வழிகளையோ நேர்மையற்ற சிலர் அடைத்துவிட்டிருந்தனர். ஃபிரோஸ் ஷா அவர்களைத் தண்டித்து வரத்துக் கால்களைத் திறந்தார்; மண்மூடிய ஹவ்ளைத் தூர்வாரினார்.

ஏறக்குறைய 650 ஆண்டுகளுக்கு முந்திய இச்செய்தியைப் படிக்கும்போது நம் ஊர் ஏரியைப் பற்றிய நாளிதழ்ச் செய்தியைப் படிப்பது போலில்லையா? நீர்வழியை அடைப்பதும், ஏரிக்குள் பட்டா வாங்குவதும், பின்பு தண்ணீரை லாரியில் விற்பதும் புதிய நோய்களல்ல. மருந்தும் புதியதல்ல. ஃபிரோஸ் ஷா தூர்வாரியதோடு நில்லாமல் அந்நீர்த்தேக்கத்தின் கரையிலேயே ஒரு பெரிய மதரஸாவையும் கட்டினார். ஹவ்ஸ் காஸ் என்னும் பெயரில் அவ்விடம் இன்றும் டெல்லியில் உள்ளது. கல்வி கற்கும் பிள்ளைகளின் கண்முன்னே நீர்நிலை இருந்தால் அதைக் காக்கும் எண்ணமும் அவர்கள் நெஞ்சில் வளரும் அல்லவா?

தமிழகத்தின் ஏரிகள்

நாம் பிறந்து வாழும் தமிழகத்தின் நீர் வரலாறு உலகம் வியப்பது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபையில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்ததைக் கூறுகின்றன. குடவோலை முறையில் அதன் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இன்று தமிழகத்தில் கணக்கிடப்பட்டுள்ள பாசன ஏரி, கண்மாய்களின் எண்ணிக்கை 39,202. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. சங்கிலித் தொடர்போல் அமைந்த இவ்வமைப்பில் ஒரு கண்ணி அறுந்தால் கீழுள்ள ஊர்கள் யாவும் வாடும்.

இவற்றைக் காத்தது குடிமராமத்து என்னும் முறை. கோடைக்காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் என வந்து தூர்வாருவர், கரையை உயர்த்துவர், மடையைச் சீர்செய்வர். அள்ளிய வண்டல் வயலுக்கு உரமாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்டிருந்த மானியங்கள் அரசு வருவாயில் சேர்ந்தன. நீர்நிலைகள் அரசுத் துறையின் பொறுப்பில் போயின. ஊராருக்கு உரிமை குறைந்தபோது அக்கறையும் குறைந்தது. மக்களின் உழைப்பைக் கட்டாயப்படுத்திப் பெறுவதற்கென 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அன்பினால் நடந்தது ஆணையினால் நடக்குமா? விடுதலைக்குப் பின் மின்சார மோட்டாரும் ஆழ்குழாய்க் கிணறும் வந்தன. தன் வீட்டு வாசலில் நீர் கிடைத்ததும் ஊர் ஏரியை மனிதன் மறந்தான்.

அதன் விளைவை நாம் கண்ணாரக் கண்டோம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. பள்ளிவாசல்கள் தம் கதவைத் திறந்து, சாதி சமய வேறுபாடின்றி மக்களுக்குத் தங்க இடமும் உணவும் அளித்தன. அதே சென்னை 2019 கோடையில் ஒரு குடம் நீருக்கு லாரியின் பின்னே ஓடியது. நான்கே ஆண்டுகளுக்குள் வெள்ளமும் வறட்சியும். மழையின் குறை மட்டுமே இதற்குக் காரணமன்று. அதைத் தாங்கிப் பிடிக்கும் மடியை நாம் கிழித்துவிட்டோம். 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே தூர்வாரும் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. சட்டமும் திட்டமும் வழிகாட்டும். காப்பது ஊரார் கையில்தான் உள்ளது.

பள்ளிவாசல் ஹவ்ளின் நுட்பம்

நம் பழைய பள்ளிவாசல்களில் ஹவ்ளு ஏன் அவ்வளவு பெரிதாகக் கட்டப்பட்டது? அழகுக்காக மட்டுமன்று. ஹனஃபி மத்ஹபின் சட்டப்படி, பத்து முழ நீளமும் பத்து முழ அகலமும் கொண்ட நீர்ப்பரப்பு ஓடும் நீரின் நிலையைப் பெறும். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு 'குல்லத்', அதாவது இன்றைய அளவில் ஏறக்குறைய 200 லிட்டர் நீர் இருந்தால், நிறம், சுவை, மணம் மாறாத வரை அது அசுத்தத்தால் கெடாது. எனவே நூற்றுக்கணக்கானோர் ஒரே நீரில் கைவிட்டு அள்ளி உளூச் செய்ய முடிந்தது. 1795இல் கட்டப்பட்ட சென்னைத் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலின் குளத்தைக் கண்டோர் இதன் பெருமையை உணர்வர்.

ஹவ்ளில் அமர்ந்து உளூச் செய்பவர் கையளவு நீரை எடுப்பார். குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்பவரோ, தலைக்கு மஸ்ஹு செய்யும்போதும் நீரை ஓடவிடுகிறார். ஒருவர் 5 லிட்டர் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். வேளைக்கு 100 பேர், ஐந்து வேளை என்றால் நாளொன்றுக்கு 2,500 லிட்டர். மாதத்திற்கு 75,000 லிட்டர். இந்நீர் எங்கே போகிறது? சாக்கடையில் கலக்கிறது. உளூச் செய்த நீர் மீண்டும் உளூவுக்கு ஆகாது என்பதே சட்டம், அது அசுத்தமன்று. செடி கொடிகளுக்குப் பாய்ச்ச எந்தத் தடையும் இல்லை. கழிவுநீரே முறையாகச் சுத்திகரிக்கப்பட்டு அசுத்தத்தின் அடையாளங்கள் யாவும் நீங்கினால் சுத்தமாகும் என 1978இல் சவூதி மூத்த உலமாக்கள் பேரவை தீர்மானித்தது. அவ்வாறிருக்க, உளூ நீரைத் தென்னைக்கும் வேம்புக்கும் திருப்பிவிட நமக்கு என்ன தயக்கம்?

மூடிய கிணறு யாருடையது?

இனி, நம் முன்னுள்ள கேள்விக்கு வருவோம். பல ஊர்களில், முன்னோர் வக்ஃபு செய்த கிணறுகள் ஆழ்குழாய் வந்தபின் மூடப்பட்டுவிட்டன. நம் பள்ளிவாசலின் தென்புறக் கிணறும் அவற்றுள் ஒன்று. அவ்விடத்தை நிரப்பிக் கடைகள் கட்டினால் வாடகை வரும் என்ற யோசனை சிலரால் முன்வைக்கப்பட்டுள்ளது. அவர்களின் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. வருமானம் கூடினால் மக்தப் உஸ்தாதுமார்களின் ஊதியம் உயரும். இமாமின் ஊதியமும் அதில் அடங்கும். ஆயினும் மார்க்கச் சட்டத்தின் பார்வையில் சிலவற்றைச் சொல்லாதிருக்க இயலாது.

வக்ஃபு செய்தவர் விதித்த நோக்கத்தைக் காப்பது முத்தவல்லியின் மீதும் ஜமாஅத்தின் மீதும் கடமை. ஷாஃபிஈ மத்ஹபில் வக்ஃபை வேறொன்றாக மாற்றுவதற்கு வழி மிகக் குறுகியது. ஹனஃபி மத்ஹபிலும், அதன் பயன் முற்றிலும் அற்றுப்போனால், காஜியின் அனுமதியோடு, பல நிபந்தனைகளுடனேயே மாற்றம் பேசப்படுகிறது. நம் கிணற்றின் பயன் அற்றுப்போயிற்றா? நீர் இறைக்க முடியாத கிணறும் மழைநீரை உள்வாங்கிப் பூமிக்கு அளிக்கும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 2,000 சதுர அடி என்பது சுமார் 186 சதுர மீட்டர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை என்று கணக்கிட்டால், அக்கூரையில் விழுவது ஏறக்குறைய 1,67,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 1,33,000 லிட்டருக்கு மேல் நிலத்தடிக்குப் போகும். அந்நீர் நம் பள்ளியின் ஆழ்குழாய்க்கும் வரும். அண்டையிலுள்ள ஏழையின் கைப்பம்புக்கும் வரும். சகோதரச் சமுதாயத்தாரின் வீட்டுக் கிணற்றிலும் ஊறும். ரூமா கிணற்றில் பேதம் பார்க்கப்படவில்லை அல்லவா?

கிணற்றை வெட்டிக் கொடுத்தவர் கப்ரில் இருக்கிறார். மரணத்திற்குப் பின்னும் தொடரும் நன்மை என நம்பியே அவர் அதைக் கொடுத்தார். அந்த நன்மையின் ஊற்றை நம் கையால் அடைத்துவிடுகிறோமோ என்று அஞ்ச வேண்டியவர்கள் நாம். வாடகைக்கு வேறு வழி தேடலாம். இறந்தவரின் தர்மத்தைத் திரும்பத் தர யாரால் முடியும்? ஆகவே கிணற்றின் மூடியை நீக்கி, தூர்வாரி, பாதுகாப்பான கம்பிவலை இட்டு, பள்ளியின் கூரைநீரை வடிகட்டி அதில் சேர்க்க வேண்டும் என்பதே நம் தாழ்மையான கருத்து. பொதுக்குழுவில் இதனை நிதானமாக ஆலோசித்து முடிவெடுக்குமாறு வேண்டுகிறோம்.

ஒவ்வொருவரும் பங்கேற்கும் வழி

செய்தியை அறிவதோடு நில்லாமல் செயலில் இறங்க, நம் மஹல்லாவினர் பின்வரும் பணிகளில் தத்தமக்கு இயன்றதை ஏற்கலாம்.

1. உளூக் குழாய்கள்: ஒரு வாளியை வைத்து, ஓர் உளூவுக்கு எவ்வளவு நீர் ஆகிறது என்று ஒவ்வொருவரும் ஒருமுறை அளந்து பார்ப்பது. சொட்டும் குழாய்களை உடனே மாற்றுவது. குழாய் வேலை, மின்வேலை அறிந்த சகோதரர்கள் மாதம் ஒரு நாளை இதற்குத் தரலாம்.

2. உளூ நீர்: தனி வாய்க்கால் வழியே பள்ளியின் மரங்களுக்குத் திருப்புவது. கழிவறை நீர் அதில் கலவாதபடி கவனிப்பது.

3. வீட்டுக் கூரை: ஒவ்வொரு வீட்டிலும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்போது அமைத்த மழைநீர்க் குழாயும் குழியும் இன்று எந்நிலையில் உள்ளன என்று பார்ப்பது. தமிழகத்தின் மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆகவே புரட்டாசிக்குள் கூரையைப் பெருக்கி, குழியிலுள்ள மணலையும் ஜல்லியையும் கழுவிப் போட வேண்டும்.

4. கப்ருஸ்தான்: சீமைக் கருவேலத்தை வேரோடு நீக்கி, வேம்பு, புங்கம், இலுப்பை போன்றவற்றை நடுவது. கப்ருகளைச் சிதைக்காமல் ஓரங்களிலும் வழியோரங்களிலும் நட வேண்டும். நட்டவர் பெயரைப் பலகையில் எழுதுவதைவிட, இரண்டு கோடை நீர் ஊற்றுபவர் யார் என்று முடிவு செய்வதே முக்கியம். மக்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கன்றைப் பொறுப்பாக்கலாம். மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடப் பணித்த மார்க்கம் நம்முடையது.

5. நோன்புக் கஞ்சியும் விருந்தும்: நம் தாய்மார் தூக்குவாளியில் கஞ்சி வாங்கிச் சென்ற காலத்தில் பள்ளியின் வாசலில் குப்பை சேர்ந்ததில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. பள்ளிக்கென எவர்சில்வர் குவளைகளும், வலீமாவுக்கு வாடகையின்றித் தரச் சஹன்களும் வாங்கி வைப்பதற்கு வசதியுள்ளோர் நன்கொடை அளிக்கலாம். மீதமாகும் உணவை அன்றே உரியவர்களிடம் சேர்க்க இளைஞர்கள் முன்வரலாம்.

6. குர்பானிக் கழிவு: தெருவிலும் கால்வாயிலும் எறியாமல், ஆழக் குழி தோண்டிப் புதைப்பது, அல்லது நகராட்சி வண்டியில் அன்றே ஒப்படைப்பது. பாதையிலிருந்து இடையூறு தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், அதைப் பாதையில் போடுவது எதன் கிளை?

7. ஊர்க்குளம்: கோடையில் ஊரார் கூடித் தூர்வாரும்போது நம் ஜமாஅத்தும் முன்வரிசையில் நிற்க வேண்டும். உரிய அலுவலகத்தின் அனுமதியைப் பெற்று, வரத்துக் கால்களை அடைத்துள்ள குப்பையை அகற்றலாம். உடலுழைப்புத் தர இயலாத முதியோர், குளத்தின் பழைய எல்லையும் நீர் வந்த வழியும் எதுவென்று இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அவர்கள் நினைவிலுள்ள வரைபடம் எந்த ஏட்டிலும் கிடைக்காது.

8. பெண்கள்: வீட்டில் நீரையும் குப்பையையும் நாள்தோறும் கையாள்வோர் அவர்களே. ஈரக் குப்பையையும் காய்ந்த குப்பையையும் பிரிப்பதிலும், சமையலறை நீரைச் செடிகளுக்கு விடுவதிலும் அவர்களின் ஆலோசனையைக் கேட்டே திட்டம் வகுக்க வேண்டும். ஜுபைதா அம்மையாரின் வாரிசுகள் அவர்கள்.

முடிவாக

உஸ்மான் (ரலி) அவர்கள் வாங்கிய கிணறும், ஜுபைதா அம்மையாரின் கால்வாயும், வலென்சியா உழவர்களின் நீதிமன்றமும், நம் நாட்டுக் குடிமராமத்தும் நமக்கு ஒன்றையே உணர்த்துகின்றன. ஒருவர் தொடங்குவார், ஊர் கூடிக் காத்தால்தான் அது நிலைக்கும். காக்கத் தவறிய ஹவ்ளில் ஒரு சில தலைமுறைக்குள் பயிர் முளைத்ததை டெல்லியின் வரலாறு காட்டிற்று. நீர் நமக்குச் சொந்தமன்று. நமக்குப் பின்வருவோருக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மஹ்ஸூர் ஓடையின் மேல்மடையில் இருந்தோர் கீழ்மடைக்கு நீர் விட்டது போல, காலத்தின் மேல்மடையில் இருக்கும் நாம், கீழ்மடையில் பிறக்கவிருக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கு நீரை விட்டுச் செல்வோமாக.

வல்ல ரஹ்மான் நம் ஜமாஅத்தில் ஒற்றுமையை நிலைநாட்டுவானாக! பயனுள்ள மழையைப் பொழிந்து, அதைக் காக்கும் நல்லறிவையும் நமக்கு வழங்குவானாக! இப்பள்ளிக்காகக் கிணறு வெட்டியும் நிலம் கொடுத்தும் மறைந்த நம் முன்னோரின் கப்ருகளை ஒளிமயமாக்கி, அவர்களின் தர்மத்தை நம் காலத்தில் வற்றவிடாமல் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.